உரித்துச் சேர்ப்பவரும் உரிக்க உரிக்கத் தின்பவளும்

மல்லாட்டை தின்பதில் மனிதர்கள் இரண்டு வகை. வேர்க்கடலையைத்தான் எங்கள் செஞ்சிப் பக்கத்தில் மல்லாட்டை என்போம். ஒரு வகை ஆள் ஒன்றை உரித்து, பருப்பை வாயில் போட்டு, மென்றுகொண்டே அடுத்ததை உரிப்பார். இன்னொரு வகை ஆள் உட்கார்ந்து அரைப்படி மல்லாட்டையையும் உரித்துக் கிண்ணத்தில் சேர்ப்பார், தோலைக் கூட்டி அள்ளிக் கொட்டுவார், கையைத் துடைத்துக்கொள்வார், அதற்குப் பிறகுதான் முதல் பருப்பை எடுப்பார். நான் முதல் வகை. என் கணவர் இரண்டாம் வகை. கல்யாணமான முதல் மாதமே இதைக் கவனித்துவிட்டேன். இந்த மனிதரோடு எப்படிக் காலம் தள்ளப்போகிறோம் என்று கொஞ்சம் கவலையாகக்கூட இருந்தது.

நாங்கள் தமிழ்ச் சமணர்கள். மண்ணுக்குள் விளையும் கிழங்கு எதுவும் எங்கள் அடுப்படிக்குள் வராது. மல்லாட்டை மட்டும் எப்படித் தப்பியது என்று சின்ன வயதில் என் நைனாவைக் கேட்டிருக்கிறேன். "அது கெழங்கு இல்லம்மா, கொட்டை. பூ மேல பூக்குது, காயி மட்டும் கீழ எறங்குது" என்றார். வல்லம் பக்கத்தில் எங்களுக்கு இருந்த நிலத்தில் அதுதான் பயிர். அந்த பதிலில் எனக்குத் திருப்தி இல்லை. ஆனால் தின்பதை நிறுத்தவும் இல்லை.

இரண்டு பேரும் செஞ்சியிலேயே பிறந்தவர்கள், இரண்டு பேரும் கணிதம் படித்தவர்கள். அவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். நான் சென்னையில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வந்து, கல்யாணமாகி, மூன்று வருடமாக வீட்டோடு இருந்தேன். ஊரில் இருந்த பெண்கள் பள்ளியில் இடம் காலியில்லை. சமைப்பதிலும் துவைப்பதிலும் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் துணி மடிக்கும்போதெல்லாம் ஒரு புடவையை எத்தனை முறை பாதியாக மடிக்கலாம் என்று மூளை தானாகக் கணக்குப் போடும். அதைச் சொல்ல ஆள் கிடையாது என்பதுதான் பிரச்சினை. எனக்கு ஒரு வேலை வேண்டும் என்று தினமும் ஒரு முறையாவது நினைத்தேன்.

அவருக்குப் பிடித்தது அல்ஜீப்ரா. ஒரு கணக்கைக் கொடுத்தால் எண்ணைத் தொடவே மாட்டார். எல்லாவற்றுக்கும் எழுத்து வைப்பார், சமன்பாடுகளை வரிசையாக அடுக்குவார், கடைசி வரி வரைக்கும் எழுத்தாகவே கொண்டுபோய், பிறகு ஒரே மூச்சில் எண்களைப் போட்டு விடை சொல்வார். எனக்குப் பிடித்தது கால்குலஸ். நான் முதலில் ஒரு எண்ணைப் போட்டுப் பார்ப்பேன், பிறகு பக்கத்து எண்ணை, எப்படி அசைகிறது என்று பார்ப்பேன். அவர் செய்தித்தாளை முதல் பக்கத்து முதல் பத்தியிலிருந்து கடைசி வரை படிப்பார். நான் கடைசிப் பக்கத்தில் ஆரம்பித்து எங்கேயோ போய் முடிப்பேன். அவர் குளிக்கப் போவதற்கு முன் துண்டு, வேட்டி, சட்டை, பேனா, குடை எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி வைப்பார். நான் ஈரத் தலையோடு புடவை தேடுவேன்.

இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஊரையே பிரிக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. அமாவாசைக்கு மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ் நிற்குமே, அதில் இரண்டு கண்டக்டர்கள். ஒருவர் கூட்டம் ஏறுவதற்கு முன்பே டிக்கெட்டுகளைக் கிழித்து விரலுக்கு இடையில் செருகித் தயாராக நிற்பார். இன்னொருவர் முகத்தைப் பார்த்து, ஊரைக் கேட்டு, ஒவ்வொன்றாகக் கிழிப்பார். முதல் ஆள் உரித்துச் சேர்ப்பவர், இரண்டாவது ஆள் உரிக்க உரிக்கத் தின்பவர் என்று நான் கணவரின் காதில் சொல்வேன். அவர், "ஒனக்கு வேற வேலையே இல்லியா?" என்பார்.

இல்லை. அதுதான் விஷயம்.

அறுபதுகளின் பின்பாதி அது. ஒரு கோடை விடுமுறையில் கணக்கு வாத்தியார்களுக்கென்று சென்னையில் ஒரு கல்லூரி ஆறு வாரப் பயிற்சி வைத்தது. அங்கே கம்ப்யூட்டர் என்ற இயந்திரம் வந்திருந்தது. என் கணவர் போய்விட்டு இரண்டு நோட்டுப் புத்தகங்களோடும், கட்டம் கட்டமாக அச்சிட்ட ஒரு கத்தைத் தாளோடும் திரும்பி வந்தார். அந்தத் தாளுக்குக் கோடிங் ஷீட் என்று பெயர். ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து. நாம் எழுதியதை அங்கே அட்டைகளில் துளையாகப் போட்டு இயந்திரத்துக்குள் செலுத்துவார்கள். ஒரு வரிக்கு ஓர் அட்டை. எழுதும் பாஷைக்கு ஃபோர்ட்ரான் என்று பெயர். அவருடைய நோட்டுகளை வைத்தே ஒரே மாதத்தில் நானும் அதைக் கற்றுக்கொண்டேன். மூன்று வருடப் பசி எனக்கு.

பயிற்சி முடிந்த அன்று அங்கிருந்த பேராசிரியர் ஒரு செய்தி சொல்லி அனுப்பியிருந்தார். அவரவர் ஊருக்கு உபயோகமாக ஒரு கணக்கை எடுத்து, புரோகிராம் எழுதித் தபாலில் அனுப்பலாம், அவர் செலவில்லாமல் ஓட்டித் தருவார். அடுத்த ஜூனில் புரோகிராமர் வேலைக்கு ஓர் இடம் காலியாகிறது, நன்றாக எழுதுபவருக்கு அதைத் தருவார். பயிற்சிக்கு வராதவர்கள் எழுதினாலும் பார்ப்பார்.

ஓர் இடம். எங்கள் வீட்டில் இரண்டு பேர்.

"நானும் எழுதறேங்க" என்றேன்.

"எழுதேன். யாரு வேணாம்னாங்க? எழுதனது ஓடணும், அதான் சங்கதி" என்றார். கிண்டலா, நிஜமா என்று கண்டுபிடிக்க முடியாத முகம் அவருக்கு.

கணக்கை எங்களுக்குத் தந்தது என் மாமியார். சூரியன் மறைவதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மற்ற நாட்களில் அதில் சிரமம் இல்லை. வெளியே எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் சங்கடம். வானம் மத்தியானமே இருட்டிக் கிடக்கும். மறைந்துவிட்டதா இல்லையா என்று தெரியாமல் மாமியார், "எதுக்கு வம்பு?" என்று இலையைத் தொடாமலே எழுந்துவிடுவார். அந்த வருட மழையில் ஒன்பது நாள் அப்படிப் பட்டினியாகப் படுத்தார். நான் எண்ணினேன்.

"வருஷம் முழுசுக்கும் எந்த நாள்ல எத்தினி மணிக்குப் பொழுது வுழும்னு மெஷின வச்சே பட்டியல் போட்டுக் குடுத்துடறோம்மா. மழை பேஞ்சாலும் நீ கடிகாரத்தப் பாத்து சாப்பிடலாம்" என்றார் கணவர். ஒரே கணக்கை இருவரும் தனித்தனியாக எழுதி ஒரே உறையில் அனுப்புவது என்று முடிவாயிற்று.

அவர் எப்படி எழுதினார் தெரியுமா? மல்லாட்டை உரிப்பது போலவே. முதலில் முந்நூற்று அறுபத்தைந்து நாட்களுக்கும் சூரியன் இருக்கும் கோணத்தைக் கணக்கிட்டு ஓர் அடுக்கில் வைத்தார். அதிலிருந்து இன்னொரு அடுக்கு, அதிலிருந்து இன்னொன்று என்று ஐந்து அடுக்குகள், ஒவ்வொன்றிலும் முந்நூற்று அறுபத்தைந்து அறைகள். எல்லாம் நிரம்பிய பிறகு கடைசியில் மொத்தமாக அச்சிடச் சொன்னார். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் எழுதியதில் அடுக்கே இல்லை. ஒரு நாளை எடு, கணக்குப் போடு, அச்சிடு, மறந்துவிடு, அடுத்த நாளுக்குப் போ. அவ்வளவுதான். அவர் படித்துவிட்டு, "இன்னா இது, பொட்டிக்கடை மாதிரி இருக்குது?" என்றார்.

சண்டை வந்தது அதற்கு அல்ல, பன்னிரண்டு நிமிடத்துக்கு. நாட்டின் கடிகாரங்களெல்லாம் நமக்குக் கிழக்கே எங்கோ போகும் ஒரு தீர்க்கரேகையை வைத்து ஓடுகின்றன. செஞ்சி அதற்கு மேற்கே இருக்கிறது. அதனால் இங்கே கடிகாரப்படி பன்னிரண்டு நிமிடம் தாமதமாகத்தான் சூரியன் மறையும், அந்தப் பன்னிரண்டைக் கூட்ட வேண்டும் என்பது அவர் எழுதிய சமன்பாடு. எனக்கு அதைச் சும்மா நம்ப முடியவில்லை. போட்டுப் பார்க்கும் புத்தி ஆயிற்றே. ரேடியோ செய்தி நேரத்துக்குச் சரிசெய்த அவருடைய கைக்கடிகாரத்தை வாங்கிக்கொண்டு, தை மாதத்தில் தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் போய் நின்றேன். ராஜகிரிக் கோட்டைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக் கடைசிப் பொட்டும் மறையும் நிமிடத்தைக் குறித்தேன். இருபது நாள் குறித்தேன். ஆறு மணி பன்னிரண்டு நிமிடம் என்று அவருடைய சமன்பாடு சொல்லும் நாளில் ஐந்து நாற்பத்தெட்டுக்கே மறைந்துவிட்டது. எல்லா நாளும் அதே கதைதான், ஏறக்குறைய இருபத்து நாலு நிமிடம் முன்னதாக.

இருபத்து நாலு என்பது பன்னிரண்டின் இரண்டு மடங்கு. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. கழிக்க வேண்டிய பன்னிரண்டை மனிதர் கூட்டியிருக்கிறார். அதனால்தான் சரியாக இரண்டு பங்கு வித்தியாசம்!

"கழிக்கணுங்க. நான் கண்ணால பாத்துட்டேன்" என்று ஓடிவந்து சொன்னேன்.

"மேற்க இருக்கறவனுக்குப் பொழுது பின்னாடிதான் போவும். கூட்டத்தான் வேணும். இதுக்குக் கண்ணு எதுக்கு?"

"ஒரு நா மாடிக்கு வந்து பாருங்களேன்."

"நான் எதுக்கு வரணும்? வாட்ச்சு ஓடலியோ இன்னாவோ. ஒன் கணக்குல நீ கழிச்சிக்க."

கடைசிவரை அவர் மாடிப்படி ஏறவில்லை. நான் கழித்தேன். அந்த உறையில் அவருடைய கூட்டலும் என்னுடைய கழித்தலும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு சென்னைக்குப் போயின.

மூன்றாம் வாரம் பதில் வந்தது. அவருடைய புரோகிராம் இயந்திரத்தின் நினைவுக்குள் அடங்கவில்லை, அடுக்குகளைக் குறைத்தால் ஒழிய ஓடாது. என்னுடையது முதல் முறையே ஓடிவிட்டது. நீளமான தாளில் அச்சிட்ட பட்டியலை மடித்து வைத்திருந்தார்கள். ஜூன் மாதம் வேலையில் சேர எனக்குச் சம்மதமா என்று பேராசிரியர் கேட்டிருந்தார். நான் அதை நின்றுகொண்டே நாலு முறை படித்தேன். கணவர் ஒரு முறை படித்துவிட்டு, "ஓடிடுச்சு" என்றார். அப்புறம் முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து மல்லாட்டை உரிக்க ஆரம்பித்தார். அவருக்கு வருத்தம் இருந்தது. எனக்குத் தெரியும். ஆனால் என் சந்தோஷத்தைக் குறைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

மாமியார் பட்டியலைச் சோதிக்காமல் விடவில்லை. எண்கள் படிப்பார். மூன்று நாள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கோட்டையைப் பார்த்தபடி நின்றார். "மலைக்குப் பின்னால போற நேரமும் காயிதமும் ஒண்ணா இருக்குதே!" என்று தெருவில் நாலு பேரிடம் சொன்னார். நாலாம் நாளிலிருந்து வெளியே எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டார். பட்டியலை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அந்த மாசி மாதத்தில், பக்கத்தில் இருக்கும் அனந்தபுரத்தில் என் நாத்தனாருக்கு வளைகாப்பு. மாமியாரின் ஒரே மகள், அவளுக்கு இது தலைப்பிரசவம். மூன்று பேரும் போனோம். சாயங்காலப் பந்தி. மாமியாரை நடு வரிசையில் உட்காரவைத்து, ஒரு சுற்று சாம்பார் சோறு போட்டார்கள். பாயசமும் போளியும் பின்னால் வந்துகொண்டிருந்தன. மாமியார் இடுப்பிலிருந்து தாளை எடுத்தார், மகனைக் கூப்பிட்டு மணி கேட்டார், இலையை மூடினார்.

"இன்னா சம்பந்தியம்மா, அதுக்குள்ள எழுந்துட்டீங்க?" என்று நாத்தனாரின் மாமியார் பதறிப்போய்க் கேட்டார்.

"பொழுது வுழுந்துடுச்சும்மா."

பந்தியே சிரித்தது. பின்வாசல் திறந்திருந்தது. அதன் வழியாக வந்த வெயில் பாயசத் தவலை மேல் பட்டுக் கண் கூசியது.

"இந்தா, பளிச்சுனு நிக்குதே!"

"ஒங்க கண்ணுக்கு நிக்குது. மெட்ராசு மெஷினு போயிடுச்சுனு சொல்லுது. எம் மருமவ போட்ட கணக்கு, அதுல தப்பு வராது" என்று சொல்லிவிட்டு மாமியார் கை கழுவிக்கொண்டார்.

"மெஷினு சொன்னா பொழுது கேட்டுக்குமா?" என்று யாரோ ஒரு பெண் சொல்ல, மறுபடி சிரிப்பு. மகளின் வளைகாப்புப் பாயசத்தை மாமியார் நாக்கில் வைக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்க் கூடத்தில் உட்கார்ந்தார். சூரியனைவிட என்னை நம்பினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பின்வாசலுக்குப் போய் நின்றேன். மல்லாட்டைக் கொல்லை, அதற்கப்பால் நாலைந்து பனைமரம், அதற்கப்பால் ஒன்றும் இல்லை. சூரியன் அவசரப்படாமல் இறங்கி, கடைசியில் தரையில் போய் மறைந்தது. பின்னால் வந்து நின்ற கணவர் கையைத் திருப்பிக் காட்டினார். ஆறு பதினெட்டு. அவருடைய சமன்பாடு சொன்ன அதே நிமிடம்.

மலை! எங்கள் ஊருக்கு மேற்கே மலை நிற்கிறது. சூரியன் மறைவதற்கு முன்பே மலை அதை மறைத்துவிடுகிறது. அந்த வித்தியாசம் அந்த மாதத்தில் இருபத்து நாலு நிமிடமாக அமைந்தது வெறும் தற்செயல். செஞ்சிக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு வராது. பிறந்ததிலிருந்து கோட்டைக்குப் பின்னால் போவதைத்தான் நாங்கள் அஸ்தமனம் என்று நினைத்திருந்தோம். சென்னை ஹாஸ்டலில் மூன்று வருடம் இருந்தபோதும் நான் கடிகாரத்தோடு சூரியனைப் பார்த்ததில்லை. இரண்டு கணித மூளைகளுக்கு எண்ணூறு அடி உயரப் பாறை கண்ணில் படவில்லை. அவர் பார்க்கவே இல்லை. நான் இருபது நாள் பார்த்தும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் எனக்குப் பொறுக்கவில்லை. "சொல்லிடுங்க" என்றேன்.

"இன்னாத்த?"

"கூட்டணும்னு சொன்னீங்களே, அத."

"அதான் நீயே சொல்லிட்டியே" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, பேராசிரியருக்கு எழுத எடுத்த கடிதத் தாளை இரண்டு நாள் வெறுமனே வைத்துக்கொண்டிருந்தேன். ஒளிப்பானேன், அந்த வேலை எனக்கு வேண்டும். சென்னையில் யார் செஞ்சியின் அஸ்தமனத்தை எடுத்துவைத்துச் சரிபார்க்கப் போகிறார்கள்? ஓடிய புரோகிராம் ஓடியதுதான். தப்பு என்று எழுதினால், சரியாகக் கூட்டியவர் இதே வீட்டில் இருக்கிறார், அடுக்கைக் குறைத்து எழுதினால் அவருடையதும் ஓடிவிடும், இடம் அவருக்குப் போகும். அதுதான் நியாயமும்கூட. நியாயம் என்று தெரிந்ததும் ஆசை போய்விடுமா?

மூன்றாம் நாள் மாமியார் அடுப்படிக்கு வந்தார். "காயிதம் தப்பாம்மா?" என்று கேட்டார்.

"தப்புதான் அத்தே. மலைய விட்டுட்டேன்."

"எம்மாம் பெரிய மலை, அத எப்படி வுட்ட?" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். கோபம் துளியும் இல்லை. "அப்ப மெஷின்காரருக்குத் தாக்கல் சொல்லிட்டியா? அவரும் தப்பாச் சாப்புட்டுக்கினு இருப்பாரே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நடந்ததையெல்லாம், மொட்டை மாடி, அனந்தபுரம், பாயசம் உட்பட, மூன்று பக்கம் எழுதினேன். கூட்டல்தான் சரி, அது என் கணவர் போட்ட சமன்பாடு என்றும் எழுதினேன். உறையை ஒட்டப் போகும்போது கணவர் கேட்டு வாங்கிப் படித்தார். படித்துவிட்டு ஒரு கோடிங் ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, அவருடைய மணிமணியான கையெழுத்தில் ஒரே ஒரு வரி எழுதினார். என் புரோகிராமில் கழித்த அந்த வரி, இப்போது கூட்டலோடு.

"ஒன்னுதுல ஒரு அட்டைதான் தப்பு. அத எடுத்துட்டு இத வெக்கச் சொல்லு" என்றார்.

"நீங்க அடுக்கக் கொறச்சி ஒண்ணு எழுதி அனுப்பலாமே?"

"எழுதிப் பாத்தேன்" என்றார் மெதுவாக. எப்போது எழுதினார் என்று எனக்குத் தெரியாது. "ஒரு நாளப் போட்டு அச்சடிச்சிட்டு அத மறந்துடுன்னு எழுத எனக்குக் கை வரல. எல்லாம் கண்ணு முன்னால இருந்தாத்தான் எனக்கு நிம்மதி. அந்த மெஷினு என்ன மாதிரி ஆளத் தாங்காது. நீ போ."

அவ்வளவு நீளமாக அவர் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. மாடிக்கு வராத கோபமெல்லாம் எனக்கு அன்றோடு போயிற்று.

பதில் வர ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதமும் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கையில் கரண்டியோடு வாசலுக்கு ஓடுவேன். வந்தது சின்னக் கடிதம்தான். அட்டையை மாற்றி ஓட்டியாயிற்று, புதுப் பட்டியலை இணைத்திருக்கிறோம், ஜூன் முதல் தேதி வந்து சேரவும். கீழே கையால் ஒரு வரி: தன் புரோகிராமில் தப்பு இருக்கிறது என்று தானாக எழுதிய முதல் ஆள் நீங்கள்தான்.

போனேன். அவர் செஞ்சியிலேயே இருந்தார். இரண்டு பேர் சம்பாதித்தும் இரண்டு வீடாக இருந்தோம். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, கஷ்டமாகத்தான் இருந்தது. வேலை பிடித்திருந்தது. கஷ்டம், பிடித்தம் இரண்டும் ஒரே நாளில் ஒரே ஆளுக்கு இருக்க முடியும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

வேலை செய்யும் இடத்திலும் என் பைத்தியம் விடவில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நடுவே ஒரு கூம்புப் பொட்டலம் மல்லாட்டையை வைத்துவிட்டுக் கவனிப்பேன். முழுப் படத்தையும் தாளில் வரைந்து முடிக்காமல் ஒரு வரிகூட எழுதாதவர்கள் இருந்தார்கள். பத்து வரி எழுதி ஓட்டி, அது என்ன சொல்கிறதென்று பார்த்து, அடுத்த பத்தை எழுதுகிறவர்கள் இருந்தார்கள். மல்லாட்டையோடு அது பெரும்பாலும் பொருந்தியது. பொருந்தாதவர்களும் இருந்தார்கள். உரிக்க உரிக்கத் தின்றுவிட்டு, அடுக்கு மேல் அடுக்காக எழுதிய ஒருவரை என்னால் இன்றுவரை விளங்கிக்கொள்ள முடியவில்லை. கணிதப் புத்தி கைக்கு வருகிறதா, கைப் பழக்கம்தான் கணிதம் ஆகிறதா என்பதும் விளங்கவில்லை. என் கணவர் அல்ஜீப்ரா படித்ததால் அப்படித் தின்றாரா, அப்படித் தின்கிறவர் என்பதால் அல்ஜீப்ரா பிடித்ததா? அவரையே கேட்டேன். "ஒனக்கு இப்பதான் வேல கெடச்சிடுச்சே, இன்னும் எதுக்கு இது?" என்றார்.

என் இரண்டு வகையிலும் அடங்காத ஆள் என் மாமியார். புதுப் பட்டியல் வந்ததும் பழையதை நான் கிழிக்கப் போனேன். விடவில்லை. இரண்டையும் ஒரே ஆணியில் மாட்டினார். தப்பான பட்டியலின் மூலையில் மஞ்சளைக் குழைத்துப் பொட்டு வைத்தார். "இது நம்மூருக்கு, பொட்டு இல்லாதது வெளியூருக்கு" என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பிசகே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் சூரியன் மறுபடி அதே ராஜகிரிக்குப் பின்னால்தான் இறங்குகிறது. எந்த மழைக்காக அந்தப் பட்டியலைப் போட்டோமோ, அந்த மழை மாதங்களில் அவர் கண்ட செஞ்சிக்கு என் தப்பான பட்டியல்தான் ஓரளவு பொருந்தியது. மற்ற மாதங்களில் கொஞ்சம் முன்னதாகச் சாப்பிட்டால் யாருக்கு நஷ்டம்? எங்கள் இருவருக்கும் தோன்றாத இந்தத் திருத்தத்தை அவர் ஒரு விரல் மஞ்சளில் முடித்துவிட்டார்.

வேலையில் சேர்ந்த வருடம் ஐப்பசியில் நாலு நாள் விடுப்பில் ஊருக்கு வந்தேன். திண்டிவனம் தாண்டியதும் மழை. பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. மத்தியானமே வந்திருக்க வேண்டியவள் நனைந்துபோய் வாசலில் ஏறும்போது வானம் கறுத்துக் கிடந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான் வயிற்றில்.

மாமியார் ஆணியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மஞ்சள் பொட்டு வைத்த தாள். "சீக்கிரம், சீக்கிரம். பொழுது வுழ ரெண்டு நிமிஷம்தான் இருக்குது. சோறு போட்டுச் சாப்புட நேரம் இல்ல" என்று தவித்தார்.

வெளியூர்ப் பட்டியலைப் பார்த்திருந்தால் இன்னும் நிதானமாகச் சாப்பிட்டிருக்கலாம். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

கணவர் உள்ளேயிருந்து ஒரு பித்தளைச் சொம்பைக் கொண்டுவந்தார். விளிம்பு வரைக்கும் உரித்த மல்லாட்டை. மத்தியானம் பஸ் வரும் என்று பார்த்து, வரவில்லை என்றதும் உட்கார்ந்து உரித்திருக்கிறார். ஒன்றைக்கூட அவர் தின்னவில்லை. தோலெல்லாம் கூட்டி அள்ளியாகியிருந்தது.

ஒவ்வொன்றாகத் தின்ன எனக்கு நேரம் இல்லை. கையை விட்டு அள்ளி, வாய் நிறையப் போட்டுக்கொண்டேன். மறுபடியும் அள்ளினேன். இத்தனை வருடமாக இந்த மனிதர் எதற்காகக் காத்திருந்து தின்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. வாய் நிறைந்திருந்ததால் அவரிடம் அதைச் சொல்ல முடியவில்லை. அவர் சொம்பை நீட்டிப் பிடித்தபடி நின்றார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார், "போதும்" என்றார். நான் கை கழுவப் போனேன்.